மைதானத்து மருத்துவம்: விளையாட்டுப் பிசியோ ஆக விரும்புகிறவர்களுக்கு

பொங்கலை ஒட்டித் திண்டுக்கல் பக்கம் ஓர் ஊரில் கபடிப் போட்டி. ராத்திரி பதினோரு மணி இருக்கும். ரெய்டு போன பையனை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அவன் மட்டும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் ஒரு பெரியவர் அவன் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துவிட்டார். "சுளுக்குதான். ஒரு இழு இழுத்தா சரியாப் போயிரும்."

"ஐயா, ஒரு நிமிஷம் குடுங்க. தொட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கெஞ்சித்தான் வாங்கினேன். வெளிக்கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். வலி இல்லை. உள்கணுக்காலிலும் அப்படியே. பாதத்தின் உள்பக்க வளைவில் துருத்தும் எலும்பிலும் ஒன்றுமில்லை. சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்து, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டதும் துள்ளினான். தோளில் கை போட்டு நிறுத்தி, நாலு எட்டு வைக்கச் சொன்னேன். ஒன்றுகூட வைக்க முடியவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்துக் காலுக்கு அணை கொடுத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, எக்ஸ்ரேவுக்கு அனுப்பினோம். எலும்பு முறிந்திருந்தது. இழுத்திருந்தால் விலகியிருக்கும்.

இந்த நான்கு இடங்களும் நாலு எட்டும் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்துக் கொடுத்த முறை. அடிபட்ட கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஆனால் கூட்டம் சுற்றி நின்று கத்தும்போது, ஒரு பெரியவர் மனம் நோகாமல் அந்தக் காலைத் தன் கைக்கு வாங்கி, நிதானமாக நாலு இடமும் தொட்டுப் பார்ப்பதற்கு வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும்.

அதனால்தான், "இந்தத் துறைக்கு வரணும், எந்த காலேஜ்ல சேரலாம்?" என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கல்லூரி பெயர் சொல்வதில்லை. உங்கள் ஊர் மைதானத்துக்குப் போங்கள் என்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன். கல்லூரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

எந்த வழியாக வருவது

விளையாட்டு மருத்துவம் என்றால் ஒரே வேலை இல்லை. எம்பிபிஎஸ் முடித்து, முதுநிலை நீட் எழுதி, மூன்று வருட எம்டி விளையாட்டு மருத்துவம் படிப்பது ஒரு வழி. இந்தியாவில் இதற்கு இடங்கள் மிகக் குறைவு. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி வந்த விளையாட்டுக் காய மையம், புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரி, சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற சில இடங்கள்தான். எலும்பு முறிவு அறுவை மருத்துவராகி, பிறகு சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் செய்யும் அறுவையில் (ஆர்த்ரோஸ்கோபி) தேர்ந்து வருகிறவர்களும் உண்டு. மருத்துவராகும் எண்ணம் உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்காக மட்டும் இந்த நீண்ட வழியைப் பிடிக்க வேண்டியதில்லை.

உடற்பயிற்சி, வேகம், வலு இவற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு உடற்கல்வி வழி இருக்கிறது. நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து நடக்கிறது. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியல், உயிரி இயக்கவியல், விளையாட்டு உளவியல் போன்ற முதுநிலைப் படிப்புகள் உண்டு. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணிக்கு உடற்தகுதிப் பயிற்சியாளராக இருந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னைக்காரர்தான். உணவியல் படித்துவிட்டு விளையாட்டு உணவியலுக்கு வரலாம். அதற்கும் தேவை கூடிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு நன்றாகத் தெரிந்த வழி பிசியோதெரபி. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவத் தேர்வுக் குழு இணைய வழியில் விண்ணப்பம் வாங்குகிறது. திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது, கட்டணம் குறைவு. ஆனால் விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் அமைந்த தேசிய ஆணையம் பாடத்திட்டத்தையும் சேர்க்கை விதிகளையும் மாற்றி அமைத்து வருகிறது. இத்தனை நாள் நாலரை வருடமாக இருந்த பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப் படிப்பு, புதிய பாடத்திட்டத்தில் ஒரு வருட இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்து வருடம். அதனால் அண்ணன் சேர்ந்தபோது இப்படித்தான் இருந்தது என்பதை நம்பாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரிவரியாகப் படியுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். வெளிநோயாளிகள் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அங்கே நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்களா, மாணவர்களின் கை அவர்கள்மேல் படுகிறதா, அல்லது மிஷினைப் போட்டுவிட்டு மாணவர்கள் ஃபோன் பார்க்கிறார்களா என்று பாருங்கள். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி என்றால் எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம், வாரத்தில் எத்தனை நாள் அனுப்புகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, படித்து முடித்ததும் பிசியோவாகப் பதிவு செய்ய முடியுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்காமல் சேர்ந்து, மூன்றாம் வருடம் வரை ஒரு முழங்காலைக்கூட ஒழுங்காகத் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் வருடம் மிரண்டு போவார்கள். உடற்கூறியலில் பெயர்கள் பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம். மனப்பாடம் செய்யப் பார்த்தால் ஓடாது. உங்கள் உடம்பிலேயே தேடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி, பின்பக்கம் கை வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுங்கள். கயிறு மாதிரி விடைத்து நிற்பவைதான் தொடைப் பின்தசையின் நாண்கள். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் இரண்டு கைக்குத் தட்டுப்படும். இப்படித் தொட்டுத் தெரிந்துகொண்ட பெயர் மறக்கவே மறக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டு ஆசையில் வருகிற பிள்ளைகள் பக்கவாதப் பிரிவையும் தண்டுவடக் காயப் பிரிவையும் வேண்டாவெறுப்பாகக் கடந்து போகிறார்கள். அது பெரிய தவறு. வேலூர் சிஎம்சியில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் திறந்த மறுவாழ்வு மையம் அவர் வளர்த்தெடுத்தது. ஒரு விரலை மறுபடி அசைய வைக்க என்ன பொறுமை வேண்டும் என்பதை அந்த மாதிரி வார்டுகளில்தான் கற்க முடியும். ஜவ்வு அறுவை முடிந்து வரும் ஃபுட்பால் பையனிடமும் அதே பொறுமைதான் தேவைப்படும்.

பட்டத்துக்குப் பிறகு எம்பிடி என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் விளையாட்டுப் பிரிவு எடுக்கலாம். ஆனால் நடுவில் ஒரு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போனால் கேள்விகளோடு போவீர்கள். நேரே போகிறவர்களைவிட நிறையக் கற்றுக்கொண்டு வருவீர்கள்.

மைதானத்தில் எப்படி நுழைவது

இதற்குப் பட்டம் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம். பள்ளி பி.டி. மாஸ்டரிடமோ, காலையில் அத்லெட்டிக்ஸ் பயிற்சி கொடுக்கும் கோச்சிடமோ போய், "சார், தண்ணி எடுத்து வைக்கிறேன், கோன் அடுக்கறேன், ஓரமா நின்னு பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் காலை ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஐந்தே காலுக்கு நிற்க வேண்டும். ஒரு மாதம் தவறாமல் போனீர்கள் என்றால் அந்த மைதானத்துப் பிள்ளைகள் உங்களிடம் வலியைச் சொல்லத் தொடங்குவார்கள்.

முதல் ஆறு மாதம் யாருக்கும் வைத்தியம் பார்க்காதீர்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள், எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, வயது, விளையாட்டு, எந்தப் பக்கம், எப்படி விழுந்தார், அந்த நொடியில் சத்தம் கேட்டதா, எத்தனை நேரத்தில் வீங்கியது, எப்போது திரும்ப ஆடினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஐம்பது பேர் சேர்ந்ததும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். "டொப்புன்னு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு மணி நேரத்துல முட்டி பந்து மாதிரி வீங்கிருச்சு" என்று சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு முழங்காலுக்குள் இருக்கும் முன் ஜவ்வு (ஏசிஎல்) கிழிந்திருக்கும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கியவர்களின் கதை வேறு. கல்லூரியில் இந்தப் பாடம் வரும்போது உங்களுக்கு அந்த முகங்கள் ஞாபகம் வரும்.

நடையையும் ஓட்டத்தையும் பார்க்கப் பழகுங்கள். எந்தக் காலில் இறங்குகிறார், இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா, வலிக்கிற காலில் எவ்வளவு குறைந்த நேரம் நிற்கிறார் என்று கவனியுங்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பந்துவீச்சாளர்களின் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீள்கிறதா என்று பல கேமரா வைத்து அளந்திருக்கிறார்கள். நம்மிடம் அத்தனை கேமரா இல்லை. ஃபோனில் ஸ்லோமோஷன் இருக்கிறது, ஆரம்பத்துக்கு அது போதும். அவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள்.

வார்ம்அப் நடத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபுட்பாலுக்கென ஃபிஃபா உருவாக்கிய 20 நிமிட வார்ம்அப் முறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலேயே தொடைப் பின்தசைக்கு ஒரு பயிற்சி உண்டு. மண்டியிட்டு நின்று, பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் வாரம் எல்லோரும் பொத்தென்று விழுவார்கள், இரண்டு நாள் தொடை வலிக்கிறது என்பார்கள். குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி, விடாமல் செய்ய வையுங்கள்.

ஐஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார். வலி குறைய பத்து நிமிடம் துணி சுற்றி வையுங்கள், தப்பில்லை. நாள் முழுக்க ஐஸ் கட்டியோடு உட்கார வைக்காதீர்கள்.

உயிர் காக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ ஆட்டத்தின் நடுவில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலேயே சரிந்து விழுந்ததைப் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அடுத்த வருடமே அவர் மறுபடி ஆடினார். உங்கள் ஊர் மைதானத்தில் அது நடந்தால் அங்கே நிற்பது நீங்களாக இருக்கலாம்.

நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. படித்தால் சுலபம். பொம்மைமேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், தோள் நடுங்கும். அதனால் பயிற்சி வகுப்புக்கு நேரில் போய்ச் சான்றிதழ் வாங்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். விழுந்தவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கும்போதே இன்னொருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் யாரும் அழைக்க மாட்டார்கள்.

"இன்னைக்கு ஆட வேண்டாம்"

இந்த வேலையில் எனக்கு இன்றும் கஷ்டமாக இருப்பது இதுதான். கட்டுப் போடுவதும் டேப் ஒட்டுவதும் யாருக்கும் சீக்கிரம் பழகிவிடும். ஃபைனல் அன்று, அணியின் நல்ல வீரனிடம், கோச்சும் அப்பாவும் பக்கத்தில் நிற்க, ஆட வேண்டாம் என்று சொல்வதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

தலையில் அடி என்றால் யோசிக்கவே கூடாது. மயங்கி விழவில்லை என்றாலும் தலைக்குள் அதிர்ச்சி இருக்கலாம். இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி ஆட்டம், கடைசிப் புள்ளி யார் எடுத்தது, போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் வெளியே உட்கார வையுங்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் தலைவலி, குமட்டல், கண் கூச்சம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டரிடம் அனுப்புங்கள். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜா ஹெல்மெட்டில் அடி வாங்கியதும் அவருக்குப் பதில் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? தலையில் அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம் என்ற அந்த விதி சர்வதேச கிரிக்கெட்டுக்கு 2019-ல்தான் வந்தது. பி.டி. மாஸ்டரிடம் இந்த ஆட்டத்தைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபமாக இருக்கிறது.

முன் ஜவ்வு அறுவை செய்தவர்கள் ஆறு மாதத்தில் வலி இல்லை என்று வந்து நிற்பார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்பியவர்களுக்கு மறுபடி காயம் படுவது கூடுதல். காலண்டர் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவச் சொல்லி அளந்து, நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வருகிறதா என்று பாருங்கள். டேப்பால் அளந்த எண்ணை அப்பாவிடம் காட்டினால் வாக்குவாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

மருந்து விஷயத்திலும் இதே உறுதி வேண்டும். சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருக்கலாம். போட்டி நேரத்தில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது ஊக்கமருந்துக் குற்றம். வலிக்கு மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022-லிருந்து போட்டிக் காலத்தில் தடை. தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் பொறுப்பு வீரருடையதுதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் (வாடா) புதிய தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் நடைமுறைக்கு வரும், அதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஜிம்மில் கொடுக்கும் பெயர் தெரியாத பவுடரை உங்கள் கையால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தெரிந்ததை வெளியே சொல்லாதிருப்பது

புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிபோனது. அந்தச் சோதனை முடிவு ஊடகங்களில் பரவி, ஓர் ஏழை வீட்டுப் பெண்ணின் உடம்பு ஊர்ப்பேச்சானது. அந்தச் செய்தியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. ஒரு வீரரின் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவருடையது. கோச் கேட்டாலும், "ஆடலாம், ஆட முடியாது, இத்தனை நாளாகும்" என்பதோடு நிறுத்துங்கள். அதற்குமேல் சொல்ல வீரரின் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எக்ஸ்ரே படம் போடவே போடாதீர்கள்.

பெண் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கும் முன் எங்கே, எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் இன்னொரு பெண் இருக்கட்டும். கதவு திறந்திருக்கட்டும். மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரப் பெண் அதை வெட்கத்தில் சொல்ல மாட்டாள். சாப்பாடு போதாமல் எலும்பு பலவீனமாகும் அறிகுறி அது, எலும்பில் விரிசல் விடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் துறைக்கு நிறையப் பெண்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேலை, சம்பளம்

பெரிய அணிகளின் வேலை பெரும்பாலும் சீசன் வேலை. புரோ கபடி, டிஎன்பிஎல் போன்ற லீக்குகள் சில மாதங்களுக்கு ஒப்பந்தம் போடும், பிறகு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்திய விளையாட்டு ஆணையமும் ஒப்பந்த முறையில் பிசியோக்களை எடுக்கிறது, அதன் இணையதளத்தை அடிக்கடி பாருங்கள். மீதி மாதங்களுக்கு ஊரில் கிளினிக்தான் சோறு போடும். அங்கே வருவது முழங்கால் தேய்ந்த அம்மாக்களும், தோள் இறுகிப்போன சர்க்கரை நோயாளிகளும், கழுத்து வலிக்காரர்களும்தான். அவர்களைக் குறைவாக நினைத்தால் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

பாரா விளையாட்டுப் பக்கம் அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வாங்கிவிட்டார். இந்த விளையாட்டுகளில் யார் எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்று உடலைச் சோதித்து முடிவு செய்ய வகைப்படுத்துநர்கள் வேண்டும். மருத்துவர்களும் பிசியோக்களும் பயிற்சி பெற்று அதற்குப் போகலாம். உங்கள் மாவட்டப் பாரா சங்கத்தில் விசாரியுங்கள்.

கடைசியாகப் பை. 38 மி.மீ. விறைப்பான டேப், கிரேப் பேண்டேஜ் நாலு, கையுறை, சலைன், காஸ், முக்கோணத் துணி, டார்ச், வாயில் வைத்து மூச்சுக் கொடுக்கும் மாஸ்க், ஓஆர்எஸ், நல்ல கத்தரிக்கோல். கபடிக்கு நகவெட்டி கட்டாயம், நகம் வளர்ந்திருந்தால் ஆட விட மாட்டார்கள். பையின் மூடியில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வரும், அந்த வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஃபோன் எண், ராத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவமனை எது என்று அதில் எழுதுங்கள். மைதானம் மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள்.